அடிக்காசு, தண்டல், சீட்டு – பெரிய மார்க்கெட்டின் குடும்பக் கணக்கு

புதுச்சேரிக்கு வந்து கடற்கரையையும் காந்தி சிலையையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பலர். பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைகிறவர்கள் குறைவு. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிறது இந்த மார்க்கெட். பிரெஞ்சுக்காரர்கள் "கிராண்ட் பஜார்" என்றார்கள். பின்னாளில் எதுவார் குபேர் பெயரால் "குபேர் அங்காடி" ஆனது. ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் அன்றும் இன்றும் ஒரே பதில்தான்... பெரிய மார்க்கெட்!

காய்கறி, மீன், பூ, வாழை இலை, வெற்றிலை, மளிகை என்று எல்லாம் ஒரே இடத்தில். கடை வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். தரையில் சாக்கு விரித்துக் கூடையோடு உட்காருபவர்கள் இன்னொரு பக்கம். தரையில் உட்காருபவர்களிடம் தினமும் ஒருவர் வந்து காசு வாங்கி ரசீது கொடுப்பார். அதற்கு "அடிக்காசு" என்று பெயர். மாத வாடகை இல்லை. அன்று கடை போட்டால் அன்றைக்குக் காசு. போடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

இந்த அடிக்காசில் ஒரு பெரிய பொருளாதாரப் பாடமே இருக்கிறது. எப்படி என்கிறீர்களா?

குடும்ப பட்ஜெட் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் வரி இப்படித்தான் இருக்கும்: "உங்கள் மாத வருமானத்தை எழுதுங்கள்." மாதத்தில் இவ்வளவு சேமி, இவ்வளவு செலவு செய், இவ்வளவு இன்ஷூரன்ஸ் கட்டு. எல்லாமே மாதக் கணக்கு. ஆனால் கீரை விற்கும் ஒரு அம்மாவுக்கு மாதம் என்று ஒன்று இல்லையே! அவருக்கு இருப்பது இன்று மட்டும்தான். விடியற்காலையில் கொள்முதல், மதியத்துக்குள் விற்பனை, மாலையில் கையில் கொஞ்சம் காசு. மழை வந்தால் அதுவும் இல்லை.

அப்படியானால் இந்த மார்க்கெட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன, பெண்களுக்குக் கல்யாணம் செய்தன, வயதான காலத்தைத் தள்ளின? அதற்கான பதில் முந்நூறு வருடத்துக் கதை.

காசு, பணம், துட்டு

இன்று நாம் காசு, பணம், துட்டு என்று மூன்று சொற்களையும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். ஒரு காலத்தில் காசு என்றால் சிறிய செப்பு நாணயம். பணம் என்றால் அதைவிட மதிப்பு கூடிய சின்னஞ்சிறு நாணயம். வராகன் என்றால் பொன் நாணயம். பிரெஞ்சுக்காரர்கள் பணத்தை "ஃபனோன்" என்றும், காசை "காஷ்" என்றும் எழுதினார்கள். "டூடூ" என்று ஒரு செப்பு நாணயமும் அவர்களிடம் இருந்தது. நம் "துட்டு" அதற்கு உறவுக்காரன்தான்.

1736இல் ஆளுநர் துய்மா காலத்தில், ஆற்காடு நவாப் தோஸ்து அலிகானிடமிருந்து ரூபாய் நாணயம் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக் கம்பெனி பெற்றது. அதன் பிறகு புதுச்சேரி நாணயச் சாலைக்கு மவுசு கூடியது.

இதில் குடும்பக் கணக்குக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது. செம்பு, வெள்ளி, பொன் என மூன்று உலோகத்தில் நாணயங்கள் புழங்கும்போது அவற்றுக்கிடையே மாற்று விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும். கூடைக்காரி வாங்குவது செப்புக் காசில். வரி கட்டுவதும் பெரிய வியாபாரமும் வெள்ளியிலும் பொன்னிலும். நடுவில் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கும் சராப்புக்கு ஒரு கழிவு. ஆக, சில்லறையாகச் சம்பாதிப்பவர் அதைப் பெரிய பணமாக மாற்றும்போதே கொஞ்சம் இழக்கிறார். ஏழைக்கு எப்போதும் காசு கூடுதல் விலைக்குத்தான் கிடைக்கும் என்பதற்கு இது முதல் உதாரணம்.

பொன் மட்டும் இந்தத் தொல்லையில் அதிகம் சிக்கவில்லை. அரசன் மாறினாலும் கொடி மாறினாலும் பொன் பொன்தான். நம் பாட்டிமார்கள் கையில் கொஞ்சம் சேர்ந்ததும் மூக்குத்தியாகவோ தோடாகவோ ஏன் மாற்றினார்கள் என்பதற்கு இதுவே காரணம். அது வெறும் அலங்கார ஆசை இல்லை!

கடைத்தெருவில் விழுந்த ஐம்பது அடி

கூடைக்காரர் கதை இப்படி என்றால் கோடீஸ்வரர் கதை எப்படி? அதையும் பார்த்துவிடலாம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்பப் பிள்ளை. கம்பெனிக்குத் துணி வாங்கித் தருவது முதல் உள்ளூர் வணிகர்களோடு பேசி முடிப்பது வரை எல்லாம் அவர் கையில். பெரும் செல்வம் சேர்ந்தது. 1716இல் ஆளுநர் எபேர் காலத்தில் அவர் கைது செய்யப்பட்டார். தண்டனை என்ன தெரியுமா? கடைத்தெருவில் எல்லோர் முன்னிலையிலும் ஐம்பது சவுக்கடி, மூன்று வருடச் சிறை, 8,888 வராகன் அபராதம். சொத்துகள் பறிபோயின. 1717இல் சிறையிலேயே இறந்து போனார்.

பிறகு அவர் குடும்பம் பிரான்ஸ் வரை முறையிட்டது. சில வருடங்களில் தீர்ப்பு தவறு என்று ரத்தானது. மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே போய் கௌரவப் பட்டம் பெற்றுத் திரும்பி, அதே தரகர் பதவியில் அமர்ந்தார். ஆனால் போன உயிர் போனதுதானே!

நைனியப்பருக்குப் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய வருமானம், சொத்து, மரியாதை எல்லாமே ஒரே ஒரு இடத்தை நம்பி இருந்தன. அந்த இடம் கோபித்துக்கொண்டதும் ஒரே நாளில் எல்லாம் கவிழ்ந்தது. இன்று பங்குச் சந்தை ஆலோசகர்கள் "ஒரே இடத்தில் போடாதீர்கள்" என்று சொல்வதை அன்றைக்கே புதுச்சேரி கடைத்தெரு பார்த்துவிட்டது.

நைனியப்பரின் உறவினர் திருவேங்கடம் பிள்ளை. அவரும் அந்த வழக்கில் சிக்கியவர்தான். அவருடைய மகன்தான் மார்க்கெட்டின் ஓரத்து வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736 செப்டம்பரில் தொடங்கி கிட்டத்தட்ட சாகும் வரை நாட்குறிப்பு எழுதியவர். அரசியல் செய்திகளோடு சேர்த்து கப்பல் வந்தது, சரக்கு வந்தது, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. துய்ப்ளெக்சின் துபாஷாக இருந்தபோதே அவர் தனியாகப் பாக்கு வியாபாரமும் செய்தார், "ஆனந்தப்புரவி" என்று சொந்தமாகக் கப்பலும் வைத்திருந்தார். மாமன் வீட்டில் நடந்ததைச் சிறு பிள்ளையாகப் பார்த்தவர் பதவியை மட்டும் நம்பாமல் பல தொழிலில் கால் வைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவருக்கும் போர் வந்தது. 1761 ஜனவரி 12இல் அவர் இறந்தார். நான்கே நாளில், ஜனவரி 16இல், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஊரையே இடித்துத் தள்ளினார்கள். சில ஆபத்துகளை எந்தத் திட்டமும் தடுக்காது என்பதும் ஒரு பாடம்தான்.

பேங்க் வந்தது... யாருக்கு?

1875இல் பாரிசில் "பாங்க் தெ லாந்தோஷின்" (இந்தோசீன வங்கி) தொடங்கப்பட்டது. சைகோனுக்கும் புதுச்சேரிக்கும் அதன் கிளைகள் சீக்கிரமே வந்தன. பிரெஞ்சிந்தியாவுக்கு ரூபாய் நோட்டு அச்சிட்டு வெளியிடும் உரிமையும் அந்த வங்கிக்குத்தான். ஒரு தனியார் வங்கியின் நோட்டுதான் ஊரின் பணம்!

ஆனால் அந்த வங்கி கூடைக்காரர்களுக்காக வந்ததல்ல. ஏற்றுமதி, இறக்குமதி, பெரிய கம்பெனிகள், அரசாங்கம் இவற்றுக்கான வங்கி அது. மார்க்கெட்டில் சாக்கு விரித்தவருக்கு அந்த நோட்டு கையில் வந்திருக்கலாம். வங்கி வாசல் எட்டாதது.

பக்கத்துச் சென்னையிலும் நிலைமை பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரர் வங்கியில் பணம் போடுவது பெருமையாகக் கருதப்பட்டது. ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், கோயில்கள் எல்லாரும் போட்டார்கள். 1906 அக்டோபரில் அது திவால் ஆனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது. அதன் முதலாளி ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தக் கோபத்தில்தான் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

அதன் பிறகும் வங்கிகள் விழுந்தன. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தபோதுதான் அரசு விழித்துக்கொண்டது. 1962 ஜனவரி முதல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. அப்போது ஒருவருக்கு ரூ.1,500 வரைதான் பாதுகாப்பு. 1993இல் ரூ.1 லட்சம், 2020இல் ரூ.5 லட்சம் என உயர்ந்தது. ஆக, "பேங்கில் போட்டால் பத்திரம்" என்ற நம்பிக்கை தானாக வந்ததல்ல. பல குடும்பங்கள் அழுத பிறகு சட்டம் போட்டு வந்தது.

கொடி மாறியது, கணக்கும் மாறியது

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சிந்திய ரூபாய் போய் இந்திய ரூபாய் வந்தது. அதைப் பழகி முடிப்பதற்குள் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. இனிமேல் 100 நயா பைசா. ஓர் அணாவுக்கு 6¼ நயா பைசா! கால் பைசாவுக்கு நாணயம் கிடையாதே... ஓர் அணாவுக்குக் கொத்தமல்லி விற்பவர் 6 வாங்கினால் தனக்கு நஷ்டம், 7 கேட்டால் வாங்குபவருடன் சண்டை. நாலணா, எட்டணா என்ற பேச்சு அதற்குப் பிறகும் பல காலம் போகவில்லை.

மூன்று வருடத்தில் இரண்டு முறை பணம் மாறினால் எழுத்தறியாத ஒருவர் எதை நம்புவார்? மறுபடியும் பொன்னைத்தான். ஆனால் அதற்கும் சோதனை வந்தது. 1963இல் தங்கக் கட்டுப்பாடு. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றார்கள். 1968இல் தனிச் சட்டமே வந்தது. 1990இல்தான் அது ரத்தானது. இத்தனைக்குப் பிறகும் பெண்கள் தங்கத்தை விடவில்லை என்றால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவசரத்துக்குக் காலையில் அடகுக் கடைக்குப் போனால் மதியத்துக்குள் பணம். ஜாமீன் கேட்பதில்லை, சம்பளச் சீட்டு கேட்பதில்லை.

மார்க்கெட்டின் சொந்த பேங்க்

வங்கி வராத இடத்தில் மார்க்கெட் தனக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டது. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வீட்டுக்குள் சேர்ப்பது. இடுப்பில் சுருக்குப் பை, வீட்டில் மண் உண்டியல், அஞ்சறைப்பெட்டியின் அடியில் மடித்து வைத்த நோட்டு. கணவனுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்க்கும் இந்தப் பணத்துக்குச் சிறுவாடு என்ற அழகான பெயர் தமிழில் இருக்கிறது. குடிக்கிற கணவன் இருக்கும் வீட்டில் அந்தச் சிறுவாடுதான் ஸ்கூல் ஃபீஸ். வட்டி கிடையாது என்பது உண்மை. ஆனால் அது யாருக்கும் தெரியாது என்பதே அதன் வட்டி!

இரண்டாவது, தண்டல். காலையில் சரக்கு எடுக்கப் பணம் வேண்டும். தண்டல்காரர் வருவார். ரூ.10,000 என்று எழுதிக்கொண்டு ரூ.9,000 கையில் கொடுப்பார். தினம் ரூ.100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்க்க "பத்து சதவீதம்தானே" என்று தோன்றும். வணிகவியல் படிப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது. நூறு நாளில் சராசரியாகக் கையில் நிற்பது சுமார் ரூ.4,600தான். அதற்கு நூறு நாளில் ரூ.1,000 வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் 75 சதவீதத்துக்கும் மேல்! காலையில் ரூ.900 வாங்கி இரவில் ரூ.1,000 திருப்பும் வட்டியும் உண்டு. அதற்கு வருடக் கணக்கே போட முடியாது, தலை சுற்றும்.

பக்கத்தில் தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தில் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று இந்தத் தமிழ்ப் பெயர்களே சட்ட வார்த்தைகளாக இடம் பெற்றன. சட்டம் வந்தும் தண்டல் ஏன் ஒழியவில்லை? இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

மூன்றாவது, சீட்டு. இருபது பேர் மாதம் ரூ.500 போட்டால் ரூ.10,000. ஏலத்தில் ஒருவர் ரூ.2,000 தள்ளி எடுத்தால் அவருக்கு ரூ.8,000. தள்ளிய ரூ.2,000இல் சீட்டு நடத்துபவருக்கு ரூ.500 கமிஷன் போக மீதி ரூ.1,500ஐ இருபது பேரும் பிரித்துக்கொள்வார்கள். ஆளுக்கு ரூ.75. ஆக அந்த மாதம் கட்ட வேண்டியது ரூ.425தான். அவசரக்காரருக்குக் கடன், பொறுமைக்காரருக்குச் சேமிப்பு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தினச் சீட்டு, வாரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று எத்தனையோ பிள்ளைகள் அதற்கு.

சீட்டின் பலம் நம்பிக்கை. அதன் பலவீனமும் நம்பிக்கையேதான். சீட்டு பிடித்தவர் ஒரு ராத்திரியில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால் முடிந்தது கதை. தமிழ்நாட்டில் 1961இல் சீட்டு நிதிச் சட்டம் வந்தது. 1982இல் மத்திய அரசு நாடு முழுவதுக்கும் சட்டம் போட்டது. பதிவு செய்த சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2019இல் அது 7 சதவீதம் ஆனது. ஃபைனான்ஸ் கம்பெனிகள் டெபாசிட் வாங்கி ஏமாற்றியபோது தமிழ்நாடு 1997இலும் புதுச்சேரி 2004இலும் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தன. ஆனால் மார்க்கெட்டில் வாய் வார்த்தையில் நடக்கும் சீட்டுக்கு இந்தச் சட்டங்கள் எல்லாம் எட்டுவது கஷ்டம். டெபாசிட் இன்ஷூரன்சும் சீட்டுக்குக் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே ஊர், இரண்டு முதுமை

குழந்தைக்குக் காது குத்து, பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு... இதற்கெல்லாம் சீட்டும் நகையும் எப்படியோ ஈடுகொடுத்தன. இவை தேதி தெரிந்த செலவுகள். ஐந்து வருடத்தில் கல்யாணம் என்றால் ஐந்து வருடச் சீட்டு. ஆனால் முதுமை? அது எத்தனை வருடம் நீளும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குச் சீட்டு கிடையாது.

இந்த வித்தியாசம் புதுச்சேரியில் தெரிவது போல வேறெங்கும் தெரியாது. காரணம், "சொல்தா" வீடுகள். 1881இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆணை, உள்ளூர் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க வழி செய்தது. அப்படி ஏற்றவர்களில் பலரும், அவர்கள் சந்ததியினரும் பிரெஞ்சு அரசு வேலைக்கும் ராணுவத்துக்கும் போனார்கள். இந்தோசீனா வரை போய் வந்தார்கள். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் தொடர்ந்து வந்தது. முதலில் பிராங்கில், பிறகு யூரோவில். கணவர் இறந்தால் மனைவிக்கும் ஒரு பங்கு.

ஒரு வீட்டில் பெரியவர் மாதா மாதம் பென்ஷன் வாங்குகிறார். பிள்ளைகள் அவரைத் தாங்குகிறார்கள். இன்னொரு வீட்டில் எழுபது வயது அம்மா விடியற்காலையில் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிறார். உழைப்பில் இரண்டு பேருக்கும் குறைவில்லை. ஒருவருடைய வேலையில் ஒவ்வொரு மாதமும் அவருக்குத் தெரியாமலே முதுமைக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. இன்னொருவருக்கு யாரும் ஒதுக்கவில்லை. அவரே ஒதுக்க நினைத்தாலும் அதைத் தினமும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

தினத்தைப் புரிந்துகொண்டவர்கள்

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். 75 சதவீத வட்டி வாங்கும் தண்டல் ஏன் ஒழியவில்லை?

பதில் அடிக்காசில் இருக்கிறது. மார்க்கெட்டின் நேரம் என்பது நாள். அடிக்காசு வசூலிப்பவருக்கு இது தெரியும், தினம் வருகிறார். தண்டல்காரருக்கும் தெரியும், தினம் வருகிறார். வங்கி மட்டும் "மாதம் ஐந்தாம் தேதி தவணை கட்டுங்கள், பத்து மணிக்கு மேல் வாருங்கள்" என்றது. பத்து மணிக்குக் கடையை விட்டுப் போனால் அன்றைய வியாபாரம் போச்சு! மாதக் கடைசியில் மொத்தமாக ரூ.3,000 எடுத்து வைப்பது கஷ்டம். தினம் ரூ.100 சுலபம். அந்தச் சுலபத்துக்குத்தான் இவ்வளவு வட்டி. தண்டல்காரர் விற்றது பணத்தை மட்டும் அல்ல, வாசலுக்கு வரும் வசதியையும்தான்.

இதே வசதியைச் சேமிப்புக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்திருக்கிறார்கள்.

உடுப்பியில் தொடங்கிய சிண்டிகேட் வங்கி 1928இலேயே "பிக்மி டெபாசிட்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முகவர் தினமும் வீட்டுக்கும் கடைக்கும் வந்து இரண்டணா வாங்கிக்கொண்டு போவார். நெசவாளர்களும் சிறு வியாபாரிகளும் அதில் சேர்ந்தார்கள். வங்கி தண்டல்காரரின் காலைக் கடன் வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். (அந்த வங்கி 2020இல் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது.)

1974இல் அகமதாபாத்தில் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா வங்கியைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் தெருவில் விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், வண்டி இழுப்பவர்கள்.

சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். கூடை வியாபாரம் செய்யும் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, அரசுடைமை வங்கிகளில் 4 சதவீத வட்டிக் கடன் வாங்கித் தந்தார்கள். ஆனால் வங்கியின் நேரமும் காகிதமும் அந்தப் பெண்களுக்கு ஒத்துவரவில்லை. 1981இல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கிக்கொண்டார்கள். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு தொடங்கிய சுய உதவிக் குழுத் திட்டம் பிறகு ஊர் ஊராகப் பரவியது. புதுச்சேரிக்கென்று 2008இல் புதுவை பாரதியார் கிராம வங்கி வந்தது.

இரண்டு அதிர்ச்சிகள்

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ரூ.500, ரூ.1,000 நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த சிறுவாட்டுப் பணம் எல்லாம் வெளியே வர வேண்டியதாயிற்று. மாற்றப் போனால் கணவனுக்குத் தெரியும். போகாவிட்டால் காகிதம். பணம் முழுதாகவே கிடைத்தாலும் அந்த ரகசியம் திரும்பக் கிடைக்கவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டன. மாதச் சம்பளக்காரருக்கு ஊரடங்கு என்பது வீட்டில் இருப்பது. தினக் கூலிக்கும் கூடைக்கும் அது வருமானம் பூஜ்யம். அந்த வருடம் ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கென மத்திய அரசு ஸ்வநிதி என்ற கடன் திட்டத்தைத் தொடங்கியது. ஜாமீன் இல்லாமல் முதலில் ரூ.10,000. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து இன்னும் கூடுதலாக. 2025இல் முதல் கடன் ரூ.15,000 ஆக்கப்பட்டது. தண்டல்காரர் கொடுக்கும் அளவு பணத்தை, வங்கி வட்டியில் கொடுப்பது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் தவணை இன்னமும் மாதக் கணக்கில்தான்!

இன்று கூடைக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை நிற்கிறது. கீரைக் கட்டுக்கும் போனில் பணம் விழுகிறது. யோசித்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம். இந்த முந்நூறு வருடத்தில், கூடைக்காரரின் அன்றைய வருமானம் அன்றைக்கே அவர் நடக்காமல் வங்கிக்குள் போவது இதுதான் முதல் தடவை.

கதை சொல்லும் கணக்கு

இந்தக் கதையிலிருந்து ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு.

சம்பாதிக்கத் தொடங்கும் வயதில்: வருமானம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்திலேயே சேமிப்பும் போக வேண்டும். தினம் வந்தால் தினம், வாரம் வந்தால் வாரம். மாதக் கடைசியில் மிச்சத்தைச் சேமிப்போம் என்றால் மிச்சமே இருக்காது.

கல்யாணம், குழந்தைகள் என்ற வயதில்: தேதி தெரிந்த செலவுக்குச் சீட்டு நல்லதுதான். ஆனால் பதிவு செய்த சீட்டா என்று பார்க்க வேண்டும். கையெழுத்தும் ரசீதும் கேட்பது அவமரியாதை இல்லை. அடிக்காசுக்கே ரசீது உண்டே!

கடை பெருகும் வயதில்: நைனியப்பரை நினைத்துக்கொள்ள வேண்டும். வருமானம், சேமிப்பு, நட்பு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கடன் வாங்கினால் "எத்தனை சதவீதம்" என்று கேட்பதோடு நிற்காமல் கையில் எவ்வளவு வருகிறது, எத்தனை நாளில் எவ்வளவு போகிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

முதுமைக்கு: இது மட்டும் தானாகச் சேராது. சொல்தா வீட்டுப் பெரியவருக்கு அரசு ஒதுக்கியதை, மார்க்கெட் வீட்டில் யாராவது ஒருவர் ஒதுக்கியாக வேண்டும். 2015இல் வந்த அடல் பென்ஷன் போன்ற திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அதில் நாற்பது வயதுக்குள் சேர வேண்டும். அறுபதில் தேடினால் கதவு மூடியிருக்கும். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால், அம்மாவை உட்கார வைத்து அந்த ஃபாரத்தை நிரப்பும் வேலை அந்தப் பிள்ளையுடையது.

நாளைக் காலை பெரிய மார்க்கெட்டில் அடிக்காசு வசூலிப்பவர் வருவார். தண்டல்காரரும் வருவார். அவர்கள் ஒரு நாளும் தவறியதில்லை. அவர்களோடு சேமிப்பை வாங்கிக்கொள்ளவும் ஒருவர் தினமும் வந்துவிட்டால், எழுபது வயதில் கூடை தூக்கும் அந்த அம்மா ஒருநாள் வீட்டில் உட்காரலாம்...